மண்ணும் மரமும் மணக்கும் மெழுகு

எலுமிச்சை மணக்கும் மெழுகுவத்தியை யாரும் முதல் தடவையிலேயே செய்துவிடலாம். மெழுகை உருக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெயைக் கலந்து, திரி வைத்து ஆறவிட்டால் போதும். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க வாசம் பரவிவிடும். மண் வாசமும் மர வாசமும் அப்படிச் சுலபத்தில் வசப்படுவதில்லை. "அக்கா, வெட்டிவேர் எண்ணெய் அவ்வளவு விலை கொடுத்து வாங்கி ஊத்தினேன். ஏத்தி வெச்சா ஒண்ணுமே தெரியலைக்கா" என்று என்னிடம் வந்து நிற்கும் பெண்கள்தான் அதிகம். எண்ணெய் போலி என்று அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எண்ணெய் நல்ல எண்ணெயாகத்தான் இருக்கும். அது எப்படிப்பட்ட எண்ணெய் என்பது தெரியாமல் கலந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் திருப்பத்தூர்க்காரி. ஜவ்வாது மலை எங்களுக்குக் கிழக்கே. வீட்டுப் பின்கட்டில் மெழுகுவத்தி செய்து விற்கிறேன், கேட்டு வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் ஊரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. அப்பா அங்கே வேலை பார்த்தவர். சந்தன மரத்தை அடிமரத்தில் வெட்டுவதில்லை, வேரோடு பெயர்த்தெடுப்பார்கள். வேரில்தான் எண்ணெய் அதிகம். மேலே இருக்கும் வெள்ளை மரத்துக்கு மணமே கிடையாது. அதைச் செதுக்கித் தள்ளினால் உள்ளே இருக்கும் சேகுதான் சரக்கு. சின்ன வயதில் ஒரு சேகுத் துண்டைக் கையில் கொடுத்தால் நான் உடனே மூக்குக்குக் கொண்டுபோவேன். "மோந்து பாக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கையில வெச்சு உரசு பாப்பா. சூடு ஏறினாத்தான் அதுக்கு வாசம் வரும்" என்பார் அப்பா. மெழுகுவத்திக்குத் தேவையான பாதிப் பாடம் அதில் இருக்கிறது.

வாசம் என்பது ஒரு பொருளிலிருந்து கிளம்பிக் காற்றில் ஏறி மூக்குக்கு வரும் மூலக்கூறு. ஆரஞ்சுத் தோலின் வாசத்தைத் தரும் லிமோனீனில் கரியணுக்கள் 10. அது கொதிப்பது 176 டிகிரியில். லேசான பொருள், கிளம்ப அதிகச் சூடு கேட்காது. சந்தனத்தின் சாண்டலால், வெட்டிவேரின் குசிமால், பச்சோலியின் பச்சோலால், தேவதாருவின் ஹிமாசலீன் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தனம் மரம், வெட்டிவேர் புல், பச்சோலி துளசிக் குடும்பத்துச் செடி, தேவதாரு இமயமலையில் வளரும் ஊசியிலை மரம். ஒன்றுக்கொன்று உறவே இல்லை. ஆனால் நான் சொன்ன நான்கு மூலக்கூறுகளிலும் 15 கரியணுக்கள். சாண்டலால் கொதிக்கச் சுமார் 300 டிகிரி வேண்டும். மண், மரம், வேர் என்று நாம் சொல்லும் வாசங்களெல்லாம் பெரும்பாலும் இந்தக் கனமான கூட்டத்தைச் சேர்ந்தவை. எரியும் மெழுகின் மேலே தேங்கி நிற்கும் உருகிய குளமோ, சுடரை விட்டுக் கொஞ்சம் தள்ளினால், தண்ணீர் கொதிக்கும் சூட்டைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சூட்டில் கனமான மூலக்கூறுகள் மெதுவாகத்தான் மேலே வரும். வந்த பிறகு சீக்கிரம் போகாது. சுடரை அணைத்து வெகுநேரம் கழித்தும் திரைச்சீலையில் தங்கியிருக்கும்.

இதைச் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். செட்டிநாட்டுக் குழம்புக்குப் போடும் கல்பாசியை எடுத்து மோந்து பாருங்கள். காய்ந்த சருகு மாதிரி லேசாக ஏதோ தெரியும். அதையே காய்ந்த எண்ணெயில் போட்டால் நனைந்த பாறை, பழைய மரப்பட்டை, மழைக்காட்டின் தரை எல்லாம் சேர்ந்து எழும். கல்பாசி மரங்களிலும் பாறைகளிலும் படரும் ஒரு பாசிக்காளான். ஐரோப்பிய வாசனைத் தொழிலில் பெரிய இடம் பிடித்த ஓக் மரப்பாசியும் அதே வகைதான். தோல் ஒவ்வாமை காரணமாக ஓக் மரப்பாசியின் அளவுக்கு உலக வாசனைத் தொழில் அமைப்பு இன்று கட்டுப்பாடு விதித்திருக்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது எண்ணெய்ப் புட்டி அல்ல, ஒரு சிட்டிகை கல்பாசியும் ஒரு தாளிப்புக் கரண்டியும்.

இனி எண்ணெய்கள். வெட்டிவேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. கடலூர் மாவட்டத்தின் கடலோர மணலில் இதைப் பயிரிடுகிறார்கள். மணலில் வேர் நேராகவும் நீளமாகவும் இறங்கும், பிடுங்குவதும் எளிது. நூறு கிலோ வேரிலிருந்து ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தாலே நல்ல விளைச்சல், அதையும் நாள் முழுக்க ஆவியில் வடிக்க வேண்டும். உலகத்தில் அதிக வெட்டிவேர் எண்ணெய் வருவது ஹைட்டி நாட்டிலிருந்து. அது சுத்தமாக, சற்றே இனிப்பாக இருக்கும். ஜாவாத் தீவின் எண்ணெயில் புகை வாடை தூக்கல். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் செப்புப் பாத்திரத்தில் வடிக்கும் ரூ கஸ் என்ற வெட்டிவேர் எண்ணெய் பச்சை நிறம் ஏறி, ஆற்றங்கரைச் சேறு மாதிரி ஆழமாக மணக்கும். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்காமல் வெட்டிவேர் எண்ணெய் வாங்கக் கூடாது. ஒரே கலவை, ஊர் மாறினால் வேறு வாசமாகிவிடும்.

பச்சோலி இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவில் வடிக்கப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புகளுக்கு நடுவே பச்சோலி இலையை வைத்து அனுப்பினார்கள். அங்கே அந்த வாசமே அசல் சால்வைக்கு அடையாளமாகிவிட்டது. புதிதாக வடித்த எண்ணெயில் ஒரு பச்சை வாடை அடிக்கும். புட்டியில் ஆண்டுக் கணக்கில் இருந்தால் அது அடங்கி, ஈர மண்ணும் கோகோவும் கலந்த மாதிரி ஆகும். வாசனை எண்ணெய்களில் பழையது சிறந்தது என்று நம்பி வாங்கக்கூடியவை சில உண்டு. இது அவற்றில் ஒன்று.

நலங்கு மாவில் போடும் கோரைக்கிழங்கை எல்லாருக்கும் தெரியும். கோரை இனத்துக் கிழங்கிலிருந்து வடிக்கும் எண்ணெயை மொத்த வியாபாரிகளிடம் நாகர்மோத்தா என்றோ சைப்ரியால் என்றோ கேட்க வேண்டும். புகை, தோல், எரிந்த மரம் எல்லாம் அதில் இருக்கும். அகில் வாசத்தைச் செயற்கையாக உண்டாக்குகிறவர்கள் இதைத்தான் அதிகம் நாடுகிறார்கள். இதன் அளவு ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி. போட்டது தெரியக் கூடாது, போடாவிட்டால் தெரிய வேண்டும். தேவதாரு எண்ணெய் விலை குறைவு, எதோடும் ஒத்துப்போகும். பென்சில் சீவிய வாசமும் லேசான பால் வாசமும் கலந்திருக்கும். என் கலவைகளில் அதிக எடை இதற்குத்தான். சாம்பிராணி மெழுகில் நன்றாகப் பொருந்தும், ஆனால் கெட்டிப் பிசின். அதிகமானால் திரி அடைத்துக்கொள்ளும், மெழுகும் பழுப்பாகும்.

மழை பெய்த மண்ணின் வாசம் வேண்டும் என்று கேட்காத ஆளே இல்லை. அந்த வாசத்துக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் ஜாய் பேரும் ரிச்சர்ட் தாமஸும் 1964இல் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். அதே கட்டுரையில் கன்னௌஜின் மண் அத்தரையும் குறிப்பிட்டார்கள். விஞ்ஞானம் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கே அதைப் புட்டியில் அடைத்துவிட்டார்கள். களிமண்ணைத் தட்டிச் சுட்டு, செப்புக் கொப்பரையில் தண்ணீரோடு போட்டு, மூடியைச் சேற்றால் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திய இன்னொரு செப்புக் குடத்துக்குள் இறங்கும். அந்தக் குடத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். மண்ணின் வாசத்தைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். லேசானதைக் கனமானது பிடித்து வைக்கிறது என்ற இந்த வழிமுறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மண் வாசத்தின் முக்கிய மூலக்கூறு ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. பீட்ரூட்டில் அடிக்கும் மண் வாசமும் அதுதான். ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் கடையில் மழை வாசம் என்று விற்கும் செயற்கை எண்ணெயை வாங்கினால் மிக மிகக் குறைவாகச் சேருங்கள். கொஞ்சம் கூடினாலும் பாழடைந்த கிணற்றின் வாடை வந்துவிடும். நான் அதைத் தொடுவதில்லை. வெட்டிவேரும் பச்சோலியும் சரியாகச் சேர்ந்தாலே நனைந்த மண் தெரிகிறது, அது எனக்குப் போதும்.

இனிக் கலக்கும் விதம். துளிக் கணக்கை விட்டுவிடுங்கள். வெட்டிவேர் எண்ணெய் தேன் மாதிரி கெட்டி, மிளகு எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டின் துளியும் ஒரே எடை இல்லை. நகைக் கடையில் வைத்திருக்கும் சின்ன மின்தராசு ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் கிராமில் எழுதி வையுங்கள். வடிதாளை நீள நீளமாக வெட்டி, ஒவ்வொரு எண்ணெயிலும் ஒரு நுனியை நனைத்து, இரண்டு மூன்று தாளைச் சேர்த்துப் பிடித்து மூக்கின் முன் விசிறினால் கலவை எப்படி வரும் என்று ஓரளவு தெரியும். உடனே ஒருமுறை, கால் மணி கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை முகருங்கள். மறுநாள் காலையில் மிஞ்சியிருப்பதுதான் உங்கள் கலவையின் அடிவாசம். தாளில் பிடித்துப்போனதும் மெழுகுவத்தியில் ஊற்றிவிட வேண்டாம். ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு கரண்டி மெழுகோடு சில சொட்டுக் கலவையைச் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். பத்து நிமிடம் கழித்து உள்ளே நுழையும்போது முதல் மூச்சில் தெரிவதுதான் உண்மை. அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் மூக்கு பழகிவிடும், ஒன்றும் தெரியாது.

கனமான எண்ணெய்களை மட்டும் சேர்த்தால் வாசம் தரையோடு கிடக்கும். முதலில் மூக்கைத் தொடுவதற்கு லேசான எண்ணெய் ஒன்று கொஞ்சமாவது வேண்டும். மூக்கு விழித்துக்கொண்ட பிறகு பின்னால் வரும் வெட்டிவேரை அது அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனால் அந்த லேசான எண்ணெய் பழ வாசமாக இருந்தால் மண் கலைந்துவிடும். மிளகும் ஏலக்காயும்தான் எனக்கு ஒத்து வந்தவை. மிளகு எண்ணெயில் காரம் இல்லை, உலர்ந்த மர வாசம்தான் இருக்கிறது. எலுமிச்சைப்புல்லைக் கண்ணில் படாத அளவுக்குச் சேர்த்தால் வெட்டிவேரின் பச்சைத்தன்மை துலங்கும்.

ஆடி மாதத்தில் அதிகம் கேட்கப்படும் என் கலவையை அப்படியே தருகிறேன். 200 கிராம் மெழுகுக்கு 12 கிராம் எண்ணெய், அதாவது 6 சதவீதம். அதில் தேவதாரு 5 கிராம், வெட்டிவேர் 3 கிராம், பச்சோலி 2 கிராம், மிளகு 1 கிராம், கோரைக்கிழங்கு அரை கிராம், எலுமிச்சைப்புல் அரை கிராம். கலந்த எண்ணெயை நிறமுள்ள புட்டியில் ஊற்றி இறுக மூடி ஒரு வாரம் வைத்துவிட்டு, அதன் பிறகு மெழுகில் சேருங்கள். வாசம் போதவில்லை என்று தோன்றினால் 8 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் போகாதீர்கள். மெழுகு தாங்காத எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும், சுடர் துள்ளும், கரி படியும். எண்ணெயைக் கூட்டினால் வாசம் கூடும் என்பது இந்தத் தொழிலில் பலரும் நம்பும் பொய். வாசம் கூடத் திரியைப் பாருங்கள், உருகும் குளத்தைப் பாருங்கள்.

குளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு வாசம். திரி மெலிந்திருந்தால் நடுவில் மட்டும் குழி விழுந்து சுற்றிலும் மெழுகு அப்படியே நிற்கும். வெட்டிவேர், சாம்பிராணி கலந்த மெழுகு திரியில் ஏறச் சிரமப்படும், ஆகவே வழக்கத்தைவிட ஒரு சுற்றுப் பருமனான பருத்தித் திரி வேண்டும். முதல் தடவை ஏற்றும்போது குளம் கண்ணாடியின் ஓரத்தைத் தொடும்வரை அணைக்கக் கூடாது. விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகிலும் நம் ஊருக்கென்று ஒரு யோசனை வேண்டும். குவளையில் ஊற்றும் சோயா மெழுகு பல வகைகளில் 45லிருந்து 50 டிகிரிக்குள் இளகிவிடும். எங்கள் பக்கம் மே மாத வெயில் 40ஐத் தாண்டும். மூடிய வண்டிக்குள் சரக்கு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகுவது, அதை மட்டும் நம்பி நம் ஊரில் மெழுகுவத்தி செய்ய முடியாது. தேன் மெழுகு உருகுவதற்கு 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஜவ்வாது மலைத் தேனெடுக்கிறவர்களிடம் அடை மெழுகு வாங்கி, உருக்கி, துணியில் வடிகட்டி வைத்துக்கொள்கிறேன். கோடையில் சோயா மூன்று பங்கு, தேன் மெழுகு ஒரு பங்கு. குளிர் மாதங்களில் தேன் மெழுகைப் பாதியாகக் குறைத்துவிடுவேன், ஏனென்றால் அது வாசத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. அதற்கே உரிய தேன் வாசம் மரத்தோடு நன்றாகச் சேரும், மல்லிகையோடு சேராது.

மெழுகை நேரே தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள். 80 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்து இறக்கி, 70க்கு வந்த பிறகு எண்ணெய் சேருங்கள். மிளகு, ஏலக்காய் எண்ணெய்களின் ஆவி 50, 60 டிகிரியிலேயே தீயைப் பிடிக்கக்கூடியது, அதனால் அடுப்பு எரியும்போது புட்டியைத் திறக்கவே கூடாது. இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறி, 65 டிகிரியில் கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். பிறகு இரண்டு வாரம் மூடி வையுங்கள். மறுநாளே ஏற்றிப் பார்த்துவிட்டு வாசம் இல்லை என்று எழுதி அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பதில் இதுதான்: எடுத்து மூடி வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

சந்தனப் பொடியையோ வெட்டிவேர்த் தூளையோ மெழுகில் கலக்காதீர்கள். பொடி அடியில் படியும், மீதி திரியை அடைக்கும், வாசம் வராது. அழகுக்காக மேலே வெட்டிவேரைச் சுற்றி வைப்பதும், உலர்ந்த பூவைப் பதிப்பதும் இன்னும் மோசம். காய்ந்த வேர் தானே ஒரு திரியாகிப் பற்றிக்கொள்ளும். ஏற்றும்போதெல்லாம் திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டால் மூட வேண்டும். கைக்குழந்தையோ இழுப்பு உள்ளவர்களோ இருக்கும் அறையில் எந்த வாசனை மெழுகும் வேண்டாம்.

சந்தனத்துக்கு வருகிறேன். ஜவ்வாது மலையின் சந்தனக் காடு கடத்தலில் எவ்வளவு அழிந்தது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இந்த மரம் இன்று அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. உண்மையான சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். அதை மெழுகில் ஊற்றி எரிப்பது எனக்கு ஒப்பவில்லை. அதன் கனமான வாசம் மெழுகிலிருந்து சரியாக எழும்புவதுமில்லை. அப்பாவின் கிடங்கு வாசம் வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்த கலவையில் அசல் சந்தனம் கிடையாது. தேவதாரு 6 கிராம், சந்தன வாசம் தரும் தரமான செயற்கை எண்ணெய் 4 கிராம், சாம்பிராணி ஒன்றரை கிராம், ஏலக்காய் அரை கிராம். சான்டலோர், ஜாவனால் என்று சந்தனத்துக்கு மாற்றாகவே ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய மூலக்கூறுகள் இருக்கின்றன. செயற்கை என்றாலே மட்டம் என்று நான் நினைப்பதில்லை. ஒரு மரத்தைக் காப்பாற்றும் செயற்கையை மனமார வரவேற்கிறேன்.

ஆகவே, பத்து மில்லி சுத்த சந்தன எண்ணெய் நூறு, இருநூறு ரூபாய் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அந்த விலைக்கு அது சந்தனமாக இருக்க வழியில்லை. மண் வாசமும் மர வாசமும் வேண்டுகிறவர்கள் வெட்டிவேரிலிருந்தும் தேவதாருவிலிருந்தும் தொடங்குங்கள். வெட்டிவேர் பயிரிட்ட 12 முதல் 18 மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். சந்தன மரத்தில் நல்ல சேகு விளைய 30 ஆண்டுகளாவது ஆகும்.